கும்பகோணத்தில் எட்டுத் திங்கள்

டாக்டர் உ. வே. சாமிநாதையர் என்ற பெயரைக் கேட்டதும் நம் நினைவில் எழுவன ஏட்டுச் சுவடிகளும், அச்சேறிய பழந்தமிழ் நூல்களும், தலைப்பாகை அணிந்த ஒரு முதியவரின் திருவுருவமுமே. அவர் 1880 முதல் 1919 வரை, முப்பத்தொன்பது ஆண்டுகள், மணியடித்தால் வகுப்புக்குள் நுழைந்து மணியடித்தால் வெளிவந்த கல்லூரித் தமிழாசிரியர் என்பதைப் பலரும் போகிற போக்கில் சொல்லி நிறுத்திவிடுகின்றனர். சிந்தாமணியும் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அச்சில் வந்தபோதெல்லாம் அவர் வேலையிலிருந்த ஆசிரியர். வகுப்பு முடிந்த பின்னும் விடுமுறை நாட்களிலும் கிடைத்த பொழுதைக்கொண்டு செய்த பணிகள் அவை.

அவர் வேலையில் சேர்ந்த நாள் 1880 பிப்ரவரி 16. சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்த நாள் அதே ஆண்டு அக்டோபர் 21. முதல் நாளைப் பற்றி எழுதுவோர் சிலரே. இரண்டாம் நாளைப் பற்றி எழுதாதார் இல்லை. முன்சீப் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார், தமிழாசிரியர் ஒருவர் விழித்துக்கொண்டார், சங்க நூல்கள் வெளிவந்தன என்று அந்த வரலாறு மூன்றே அடிகளில் முடிந்துவிடுகிறது. அவ்வாறு சொல்வதில் எனக்கு நிறைவில்லை. அத்தகைய கேள்வியை வேறு புலவர் பலரிடமும் யாரேனும் கேட்டிருக்கக்கூடும். அது இவரிடத்தில் மட்டும் பலித்தது ஏன்? இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட எட்டுத் திங்களில் ஒரு புதிய ஆசிரியரை வகுப்பறை எவ்வாறு மாற்றியிருந்தது என்று பார்த்தாலன்றி இதற்கு விடை கிடைக்காது.

செய்திகளுக்கு முதன்மையான சான்று ஐயரவர்களே எழுதிய 'என் சரித்திரம்'. 1940-இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கிய அந்நூல், 1942 ஏப்ரல் 28-இல் ஆசிரியர் மறைந்தமையால் முற்றுப்பெறாமல் நின்றது. 1950-இல் நூல் வடிவம் பெற்றது. இருபத்தைந்து வயதில் நடந்தவற்றை எண்பத்தைந்து வயதில் எழுதுகிறார். அதில் வரும் உரையாடல்கள் சொல்லுக்குச் சொல் அவ்வாறே நிகழ்ந்தன என்று கொள்வது வரலாற்று முறைக்கு ஒவ்வாது. ஆயினும் நாள் குறிப்பில் அவர் தடுமாறுவதாகத் தெரியவில்லை. முதலியாரைக் கண்டது வியாழக்கிழமை என்கிறார்; 1880 அக்டோபர் 21-க்குரிய கிழமையைக் கணக்கிட்டுப் பார்த்தால் வியாழனாகவே இருக்கிறது. சொற்களில் சிறிது மாற்றம் இருக்கலாம். நிகழ்ச்சியின் போக்கை நம்பலாம்.

ஐயரவர்கள் 1855 பிப்ரவரி 19-இல் பிறந்தவர். இளமையில் அவரை எதைப் படிக்க வைப்பது என்ற பேச்சு எழுந்தபோது, ஆங்கிலம் படித்தால் இவ்வுலகில் சுகம், வடமொழி படித்தால் மறுமையில் நலம் என்று உறவினர் கூறினராம். இரண்டையும் விட்டுத் தமிழைப் பற்றிக்கொண்டார் பிள்ளை. 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். 1876 பிப்ரவரி முதல் நாள் பிள்ளையவர்கள் காலமானார். அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத்தில் சுப்பிரமணிய தேசிகரிடம் பாடம் கேட்டுக்கொண்டும், மடத்துத் தம்பிரான்களுக்கும் பிறருக்கும் பாடம் சொல்லிக்கொண்டும் நான்கு ஆண்டுகள் கழித்தார். ஆகவே பாடம் சொல்வது அவருக்குப் பழகிய தொழிலே. வகுப்பறைதான் புதிது.

அந்த வகுப்பறை கும்பகோணம் கல்லூரியில் இருந்தது. காவிரிக் கரையில் 1854-இல் பள்ளியாகத் தொடங்கிக் கல்லூரியாக வளர்ந்த அந்நிலையத்தைத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று புகழ்வார்கள். பிற்காலத்தில் கணித மேதை இராமானுசன் சில காலம் படித்ததும் இங்கேதான். ஆனால் அக்காலக் கல்லூரிகளில் தமிழ்ப் பண்டிதருக்கு இருந்த இடம் பெருமைக்குரியதன்று. ஆங்கிலமும் கணக்கும் தத்துவமும் கற்பித்தவர்களுக்குச் சம்பளமும் மதிப்பும் உயரத்தில் இருந்தன. தமிழ்ப் பண்டிதருக்கு இரண்டும் தாழவே இருந்தன. தேர்வில் தேறும் அளவுக்குத் தமிழ் தெரிந்தால் போதும் என்று எண்ணிய மாணவர் நடுவில், ஆங்கிலம் அறியாத பண்டிதர் ஒருவர் மதிப்போடு நிற்பது எளிதன்று.

வித்துவான் தியாகராச செட்டியார் அவ்வாறு நின்றவர். அவரும் மகாவித்துவானின் மாணவரே. கண்டிப்பும் தன்மானமும் மிகுந்தவர். கல்லூரித் தலைவரிடத்தும் மாணவரிடத்தும் ஒரே வகையான மதிப்பைப் பெற்றவர். உடல்நலம் குன்றி வேலையிலிருந்து விலக எண்ணியபோது, தம் இடத்தில் சாமிநாதையரையே அமர்த்த வேண்டும் என்று முனைந்தார். தமக்குப் பின் வருபவர் யாராயினும் நமக்கென்ன என்று போய்விடுவோரே பெரும்பாலோர். செட்டியாரோ அந்த நாற்காலிக்குத் தாம் தேடித் தந்த மதிப்பு தம்மோடு போய்விடக்கூடாது என்று கருதினார் போலும்.

இதற்குத் தடை திருவாவடுதுறையில் இருந்தது. தேசிகர் தம் அன்புக்குரிய மாணவரைப் பிரிய மனம் இல்லாதவராக இருந்தார். அவர் நிழலில் ஐயருக்குக் குறையொன்றும் இல்லை. வீடு இருந்தது, உணவு இருந்தது, நூல்கள் இருந்தன, கேட்பதற்கு மாணவர்களும் இருந்தனர். செட்டியார் வற்புறுத்திய பிறகே தேசிகர் இசைந்தார். மடத்தின் ஆதரவை விட்டு மாதச் சம்பளத்துக்கு வருவதைப் புலவர் ஒருவரின் ஏற்றமாகக் கொள்ள வேண்டுமா, இறக்கமாகக் கொள்ள வேண்டுமா என்பது அக்காலத்தில் ஐயத்துக்கு இடமான வினாவே. பல்லாண்டு வறுமையில் உழன்ற ஒரு குடும்பத்தின் மகனுக்கு அவ்வினாவை நெடுநேரம் ஆராய்ந்துகொண்டிருக்க வசதி இல்லை.

கல்லூரித் தலைவர் கோபாலராவ் செட்டியாரின் சொல்லை மட்டும் நம்பி இளைஞரை ஏற்றுவிடவில்லை. ஆசிரியர் சிலருடன் இருந்து அவரைப் பரிசோதித்தார். உடனே ஒரு செய்யுள் இயற்றும்படியும் கேட்டனர். மகாவித்துவானிடம் பயின்றவருக்கு அது பெரிய காரியமா? வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 50 ரூபாய்.

முதல் வகுப்பு நடந்த திங்கட்கிழமை, ஐயரவர்களுக்கு இருபத்தைந்து வயது நிறைய இன்னும் மூன்று நாட்கள் இருந்தன. எதிரே அமர்ந்திருந்தவர்களோ கல்லூரி மாணவர்கள். வயதில் பெரிய வேறுபாடு இல்லை. போதாக்குறைக்கு, செட்டியாரும் வகுப்பில் வந்து ஒரு நாற்காலியில் அமர்ந்துகொண்டார். பயிற்சி ஆசிரியரின் வகுப்பில் பின்வரிசையில் மேற்பார்வையாளர் அமர்ந்து ஏட்டில் ஏதோ குறித்துக்கொண்டிருக்க, சுண்ணக்கட்டி பிடித்த கை நடுங்கிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. ஆயினும் அந்த மேற்பார்வையாளர் நாளை நம் இடத்தை விட்டுக் கொடுத்துப் போகிறவர் அல்லர்; நாம் உட்காரும் நாற்காலியும் நேற்றுவரை அவருடையதாக இருந்ததில்லை.

புதிய ஆசிரியர் என்ன செய்தார்? பாடத்துக்குரிய செய்யுட்களை இசையோடு படித்தார். மாணவர்கள் மகிழ்ந்தனர், செட்டியாரின் கவலையும் நீங்கியது.

இந்த இசைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஐயரவர்களின் தந்தையார் வேங்கடசுப்பையர் கனம் கிருஷ்ணையரிடம் பயின்ற இசைவாணர். மகனும் இளமையில் இசை கற்றார். மாயூரத்துக்கு வந்தபின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடமும் சில காலம் கற்றார். ஆனால் மகாவித்துவானுக்கு இசையில் நாட்டமில்லை. தம் மாணவர் அதில் பொழுது செலவிடுவதை அவர் விரும்பவும் இல்லை. குறிப்பறிந்த மாணவர் இசைப் பயிற்சியை நிறுத்திவிட்டார். தமிழ்ப் படிப்புக்கு இடையூறு என்று ஒதுக்கி வைத்த அந்தக் கலைதான் தமிழாசிரியராக நின்ற முதல் நாளில் கைகொடுத்தது. ஆசிரியப் பயிற்சி நூல்களில் இதற்கு என்ன பெயரிட்டிருக்கிறார்களோ அறியேன்.

இதை வெறும் கவர்ச்சி என்று கருதிவிடக் கூடாது. பழஞ்செய்யுள் சொற்கள் புணர்ந்து கிடக்கும் வடிவில் எழுதப்பட்டது. கண்ணால் படிக்கும் மாணவன் ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் திகைக்கிறான். ஓசையறிந்த ஒருவர் பொருளுக்கேற்ப நிறுத்தியும் நீட்டியும் பாடினால், உரை சொல்வதற்கு முன்பே பாதிப் பொருள் காதின் வழியே இறங்கிவிடுகிறது. இன்றைக்கும் செய்யுட் பாடத்தைத் தட்டையாக வாசித்துவிட்டு நேரே பதவுரைக்குப் போய்விடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை, பாடத்திட்டம் துரத்துகிறது.

பாடத்திட்டம் துரத்துவது என்பதுதான் ஐயரவர்களுக்கு உண்மையில் புதிதாக இருந்திருக்க வேண்டும். மடத்தில் பாடம் நடந்த முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு நூலைத் தொடங்கினால் காப்பு முதல் கடைசிச் செய்யுள் வரை போகும். எப்போது முடியுமோ அப்போது முடியும். காலையிலும் நடக்கும், உண்டபின்னும் நடக்கும், ஆசிரியர் உலாவும்போதும் நடக்கும். மூத்த மாணவர் கேட்கும் பாடத்தை இளையவர் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். முன்னவர் பின்னவருக்குப் பாடம் சொல்வார். நம் தோட்டப் பள்ளிகளில் ஒரே கூரையின்கீழ் ஓராசிரியர் பல வகுப்புகளை வைத்துக்கொண்டு பாடுபட்ட காலத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி முற்றிலும் அந்நியமாகத் தோன்றாது. அங்கே வறுமையால் நேர்ந்தது இங்கே முறையாகவே இருந்தது என்பதுதான் வேறுபாடு. எந்த நூலைப் படிப்பது என்பதை ஆசிரியர் முடிவு செய்வார். அந்த முடிவும் தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு வரிசையைப் பற்றியது: அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, தலபுராணம், அவற்றுக்குத் துணையாக இலக்கணமும் சைவ சாத்திரமும். மகாவித்துவான் இந்த வரிசையில் கடல்போன்ற புலமையுடையவர். தாமே எண்ணற்ற தலபுராணங்களைப் பாடியவர். அந்த வரிசைக்கு வெளியே பெரிய நூல்கள் இருக்கின்றன என்ற நினைவு அங்கே எழுவதற்கு வாய்ப்பே குறைவு.

கல்லூரியிலோ பாடத்தை முடிவு செய்தது 1857-இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகம். எப். ஏ., பி. ஏ. தேர்வுகளுக்கென்று நூற்பகுதிகள் வரும், அவையும் மாறும். ஆசிரியருக்குப் பிடித்ததோ பழகியதோ என்று அது பார்ப்பதில்லை. ஒரு காவியத்தில் ஒரு துண்டு, ஓர் அறநூலில் சில அதிகாரங்கள், சிறிது உரைநடை. மணியடிப்பதற்குள் இத்தனை செய்யுட்கள் என்று கணக்கிட்டு நடத்த வேண்டும். மடத்தில் வளர்ந்த ஒருவர் இதை வெறுத்திருந்தால் வியப்பில்லை. முழு நூலைத் துண்டாக்கிக் கொடுப்பது கல்விக்குக் கேடு என்று இன்றும் சிலர் வாதிடுகின்றனர். அதில் உண்மையும் உண்டு.

ஆனால் இந்தத் துண்டுகள் ஒரு நன்மையைச் செய்தன. தாம் தேர்ந்தெடுக்காத நூலைப் பாடம் சொல்லும் கட்டாயத்தை ஆசிரியருக்கு உண்டாக்கின. மேலும், எதிரே இருந்த மாணவர் மற்ற நேரங்களில் ஆங்கில இலக்கியமும் வரலாறும் பயில்பவர்கள். இந்நூலை எழுதியவர் யார், எக்காலத்தவர், எந்தச் சமயத்தவர், இக்கதையின் மூலம் எது என்று கேட்கும் பழக்கம் அப்பாடங்களிலிருந்து தமிழ் வகுப்புக்கும் வந்திருக்கும் என்று எண்ண இடமுண்டு. மடத்து மாணவன் சொல்லுக்குப் பொருள் கேட்பான், இலக்கண முடிபு கேட்பான். இத்தகைய வினாக்களைக் கேட்பது அரிது. எட்டுத் திங்கள் இவர்கள் நடுவில் நின்ற ஆசிரியருக்கு, புலமை என்பது தாம் கற்றதை வழுவின்றிச் சொல்வதோடு முடிந்துவிடுவதில்லை என்ற உணர்வு சிறிதேனும் தோன்றாமல் இருந்திருக்குமா?

அதே வேளையில் அவர் பழைய உலகத்தை விட்டுவிடவும் இல்லை. சனி, ஞாயிறுகளில் திருவாவடுதுறைக்குப் போய்வருவார். மடத்தின் நூல்களும் தேசிகரின் அன்பும் தொடர்ந்து அவருக்கு உரியனவாகவே இருந்தன. இந்த இரட்டை வாழ்வு பின்னால் எவ்வளவு பயன்பட்டது என்பதை மேலே காண்போம்.

இப்படியாக அக்டோபர் வந்தது. அவ்வேளையில் ஐயரவர்களின் தொழில் குறிக்கோள் என்னவாக இருந்திருக்கும்? இக்காலத்துப் பயிற்சிக் கல்லூரிகளில் புதிய ஆசிரியர்களைத் தம் குறிக்கோளை எழுதித் தரச் சொல்லும் வழக்கம் உண்டு. அவரை யாரும் அப்படிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், செட்டியாரின் இடத்துக்குக் குறைவு வராமல் பாடம் சொல்ல வேண்டும், பெற்றோரை நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும், ஆசிரியரின் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதியிருப்பார் என்றே நினைக்கிறேன். மூன்றும் நல்ல குறிக்கோள்கள். மூன்றையும் எட்டுத் திங்களுக்குள் ஏறக்குறைய அடைந்தும் விட்டார். மாணவர் விரும்பினர், தலைவர் மதித்தார், சம்பளம் தவறாமல் வந்தது. அங்கேயே நின்றுவிட்டிருந்தாலும் அவரை நல்லாசிரியர் என்றே உலகம் சொல்லியிருக்கும்.

கும்பகோணத்துக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்தவர் சேலம் இராமசுவாமி முதலியார். ஆங்கிலக் கல்வியில் உயர்ந்தவர். தமிழும் இசையும் அறிந்தவர். ஐயரவர்கள் அவரைக் காணச் சென்றபோது முதலியார் பெரிய வரவேற்பு எதுவும் அளிக்கவில்லை. யாரிடம் படித்தீர்கள் என்று கேட்டார். மகாவித்துவானின் பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மலர்வதையே கண்டு பழகியவருக்கு இங்கே அது நிகழவில்லை. என்ன படித்தீர்கள் என்ற கேள்வி வந்தது. ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் அடுக்கினார். இவற்றால் என்ன பயன் என்றார் முதலியார். ஐயர் புராணங்களைச் சொன்னார், காவியங்களைச் சொன்னார், கம்பராமாயணத்தையும் சொன்னார். முதலியாருக்கு அப்போதும் முழு நிறைவில்லை. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட மூல நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்று பெயர் சொன்னார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. படித்தவர் யாரையும் அவர் கண்டதும் இல்லை.

அந்த நிலையில் ஓர் ஆசிரியர் செய்யக்கூடியவை சில உண்டு. சினங்கொண்டு எழுந்து வரலாம். முன்சீபுக்குத் தமிழ் என்ன தெரியும் என்று வீட்டில் வந்து சொல்லலாம். அந்நூல்கள் சமண பௌத்த நூல்கள், நமக்கு வேண்டுவதில்லை என்று சமயத்தைத் துணைக்கு அழைக்கலாம். சைவ மடத்தில் வளர்ந்தவர் அப்படிச் சொல்லியிருந்தால் பலர் பாராட்டியிருப்பார்கள். ஐயரோ, நூல் கிடைக்கவில்லை, கிடைத்தால் படிப்பேன் என்ற கருத்தில் விடை சொன்னார். முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை அவரிடம் கொடுத்தார். தமக்கே அதைப் பாடம் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

இந்த இறுதிச் செய்தியைத்தான் பலர் கவனிப்பதில்லை. சிந்தாமணி அவருக்கு முதலில் ஒரு பதிப்பாசிரியரின் நூலாக வரவில்லை. பாடம் சொல்ல வேண்டிய நூலாகவே வந்தது. ஒரு குறித்த நாளில், ஒரு கூர்த்த மாணவர் முன்னால், தமக்குத் தெரியாத நூலுக்குப் பொருள் சொல்ல வேண்டும். எட்டுத் திங்களாகக் கல்லூரியில் அவர் பழகிய வேலையும் இதுவே: தாம் தேர்ந்தெடுக்காத பாடத்தை மணியடிப்பதற்குள் ஆயத்தம் செய்வது. மடத்திலேயே இருந்திருந்தால் முன்சீபை அவர் சந்தித்திருக்கலாம், கேள்வியும் பிறந்திருக்கலாம். ஆனால் அடுத்த பாடத்துக்குள் விடை தேடியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பழக்கமாகியிருக்காது.

விடை எளிதில் கிடைக்கவில்லை. திருத்தக்கதேவரின் அக்காவியம் 13 இலம்பகங்களும் 3145 செய்யுட்களும் உடையது. முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகத்தை மட்டும் 1868-இல் பவர் பாதிரியார் அச்சிட்டிருந்தார். நச்சினார்க்கினியர் உரை இருந்தது. ஆனால் அவ்வுரையே ஒரு காடு. எங்கோ இருக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய்ச் சேர்த்துப் பொருள் சொல்வார். பெயர் கூறாமல் பழைய நூல்களிலிருந்து மேற்கோள் காட்டுவார். சமணர் சமயச் சொற்களோ, கம்பராமாயணத்தையும் தலபுராணங்களையும் கரைத்துக் குடித்தவருக்கும் விளங்கவில்லை.

அப்போது அவர் செய்த காரியம் எளியது. கும்பகோணத்திலேயே சமணர்கள் வாழ்கிறார்கள் என்று அறிந்து அவர்களைத் தேடிப் போனார். சந்திரநாத செட்டியார் என்பவர் வீட்டுக்குப் போன நாளில் வாசலில் தோரணம் கட்டியிருந்தது. என்ன விசேடம் என்று விசாரித்தபோது, சில மாதங்களாக வீட்டில் நடந்துவந்த சிந்தாமணிப் பாடம் அன்று நிறைவெய்தியது என்று சொன்னார்கள். தமிழ்ப் புலவர் உலகம் மறந்துவிட்ட நூல், கல்லூரிக்கு நடந்துபோகும் தொலைவில், ஒரு வணிகர் வீட்டில் விழாவோடு படிக்கப்பட்டுக்கொண்டிருந்தது! ஐயர் அவர்களிடம் ஐயங்களைக் கேட்டறிந்தார். பகலில் கல்லூரியில் ஆசிரியர், மாலையில் சமணர் வீட்டில் மாணவர், முதலியார் வீட்டில் மீண்டும் ஆசிரியர். ஏட்டுப் பிரதிகள் திருவாவடுதுறையிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்தன. சைவ மடத்தில் வளர்ந்தவருக்குச் சமண நூலில் என்ன வேலை என்று முணுமுணுத்தவர்கள் இருந்தனர். ஆனால் மடம் கதவை அடைக்கவில்லை. தேசிகரின் பெருந்தன்மைக்கு இது ஒரு சான்று.

1880-இல் தொடங்கிய பாடம் 1887-இல் அச்சு நூலாக வெளிவந்தது. கல்லூரி விடுமுறைகளில் சென்னைக்குப் போய் அச்சு வேலையைக் கவனிப்பார். கல்லூரி நாட்களில் அச்சுத்தாள்கள் தபாலில் வந்து போகும். ஏழாண்டு என்பது நீண்ட காலம்தான். வேறு வேலை இல்லாதவருக்கு அது நீளம். வகுப்பு நடத்திக்கொண்டிருந்தவருக்கு அது விரைவு என்றே சொல்ல வேண்டும்.

அப்பதிப்பைக் கையிலெடுத்துப் பார்க்கும் ஆசிரியர் ஒருவருக்கு உடனே ஒன்று புலப்படும். மூலமும் உரையும் மட்டும் அங்கே இல்லை. நூலாசிரியர் வரலாறு இருக்கிறது. உரையாசிரியர் வரலாறு இருக்கிறது. கதை முழுவதும் உரைநடையில் சுருக்கித் தரப்பட்டிருக்கிறது. பின் வந்த பதிப்புகளில் அரும்பத விளக்கமும் மேற்கோள் அகராதியும் பெருகிக்கொண்டே போகின்றன. மேல்நாட்டார் பதிப்பு முறையைப் பார்த்து இவற்றைச் செய்தார் என்று சிலர் கருதுவர். பிற துறை ஆசிரியர்கள் வழியே அத்தகைய நூல்களை அவர் அறிந்திருக்கலாம். எனக்கு இவை வகுப்பறையின் தடங்களாகவே தோன்றுகின்றன. நூலுக்குள் நுழையுமுன் கதை இன்னது என்று சொல்லிவிடுவது, அரிய சொல்லை முன்னரே விளக்குவது, ஆசிரியர் யார் எக்காலம் என்று ஒரு முன்னுரை கூறுவது ஆகிய இவையெல்லாம் ஆயத்தமாக வகுப்புக்குப் போகும் ஒருவர் அன்றாடம் செய்பவை அல்லவா? அவர் தம் வாசகரை எதிரில் அமர்ந்த மாணவராகவே கண்டார்.

1898-இல் வந்த மணிமேகலைப் பதிப்பு இதற்கு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டில் பௌத்தர் வீடுகளைத் தேடிப் போக வழியில்லை. துணை கல்லூரிக்குள்ளேயே கிடைத்தது. உடன் பணிபுரிந்த மளூர் ரங்காசாரியர் ஆங்கிலத்தில் வந்திருந்த பௌத்த நூல்களைப் படித்து, அவற்றின் கருத்துகளை ஐயருக்கு எடுத்துச் சொன்னார். அவ்வாறு தாம் கற்றதைப் புத்தர் வரலாறு, பௌத்த தருமம், பௌத்த சங்கம் என்று எளிய உரைநடையில் எழுதி நூலோடு சேர்த்தார் ஐயர். ஆங்கிலம் அறியாத தமிழாசிரியர் ஒருவர், ஆசிரியர் அறை நட்பின் துணையால் ஒரு சமயத்தையே கற்றுக்கொண்டு தமிழ் மக்களுக்குச் சொன்னார். நம் பள்ளிகளில் மொழிக்கொரு மேசை, துறைக்கொரு மூலை என்று அமர்ந்திருக்கும் ஆசிரியர் அறைகளை நினைக்கும்போது எனக்குச் சிறிது பொறாமை வருவதுண்டு.

1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகும் வரை அவர் கும்பகோணத்திலேயே பணியாற்றினார். 1887-இல் சிந்தாமணி, 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை ஆகிய அனைத்தும் அந்த இருபத்து மூன்று ஆண்டுகளுக்குள் அடங்கும். 1906-இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் பின்னர் வந்தன.

தியாகராச செட்டியார் 1888-இல் காலமானார். தாம் அமர்த்திய இளைஞரின் சிந்தாமணி வெளிவந்ததை அவர் கண்டார். மகாவித்துவானின் வரலாற்றை 1933, 1934 ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்ட ஐயரவர்கள், செட்டியாருக்கும் தனியே ஒரு வரலாறு எழுதினார். சென்னைத் திருவேட்டீசுவரன்பேட்டையில் தமக்கென்று ஒரு வீடு அமைந்தபோது அதற்குத் 'தியாகராஜ விலாசம்' என்று பெயர் வைத்தார். அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்தார். பிற்காலப் பதிப்புகள் பல அங்கிருந்தே வெளிவந்தன. அந்த வீடு 2012-இல் இடிக்கப்பட்டது.